மூன்றாம் வரிசை, முதல் இடம்

பிப்ரவரி 9, திங்கள்

அம்மா,

உறையைப் பார்த்ததும் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. துரைக்கு விரலில் சின்னக் காயம், அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்குத் தெரியாது. நீ போன மறுநாளே சொன்னார், "அவளுக்கு ஒரு வரி எழுதினதா தெரிஞ்சுது, அப்புறம் உனக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்று. கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அப்பா நிதானமாகச் சொன்னதைத்தான் மறப்பார், கோபத்தில் சொன்னதை மறக்க மாட்டார். உனக்குத் தெரியாததா?

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் பூகோளப் புத்தகம், அதன்மேல் தாள். கூடத்தில் விளக்கைப் போட்டால் துரை எழுந்துவிடுவான். அவன் எழுந்தால் அப்பாவும் எழுந்துவிடுவார். தாளில் ஈரம் பட்டிருந்தால் அது குழாய். இன்னும் சொட்டுகிறது.

உன் முகவரியைக் கொடுத்தது தையல்கடை அக்கா. அளவு எழுதும் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கம் யாரோ ஒருத்தியின் தோளும் இடுப்பும், மறுபக்கம் நீ. "நான் என்ன தபால்காரியாடி? ஒரே ஒரு தடவைதான், சொல்லிட்டேன்" என்றார். நான் தெருமுனை தாண்டுவதற்குள் பின்னாலேயே ஓடி வந்து, "பதில் வந்தா என் கடைக்கே வரட்டும்" என்றார்.

காயம் வலது கை ஆள்காட்டி விரலில். நகம் பாதி பிய்ந்து தொங்குகிறது. கட்டுப் போட்டால் பல்லால் பிய்த்து எறிகிறான். மருந்துக் குழாயைப் பார்த்தாலே கத்துகிறான். நீ இருந்தால் என்ன செய்வாய்? அதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

எப்படி ஆனது என்று கேட்காதே. எதையோ சுரண்டுகிறான்.

வாயாடி

(பெயர் போடப் பயமாக இருக்கிறது. "பேசாத ஒருத்தனுக்கும் சேத்து நீ பேசறடி வாயாடி" என்று நீ சொல்வாயே, அதையே போட்டிருக்கிறேன்.)


பிப்ரவரி 16, திங்கள்

கண்ணு,

உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு உறையைப் பிரிக்கவே தைரியம் வரவில்லை. வேலை விடும் வரை இடுப்பில் செருகி வைத்திருந்தேன். அதனால் முதல் வரி மட்டும் கொஞ்சம் வியர்வையில் கலைந்துவிட்டது.

விரலுக்குச் சொல்கிறேன். விழித்திருக்கும்போது கட்டுப் போடாதே. முதலில் களிம்பை உன் விரலில் தடவிக் காட்டு. பிறகு அவன் பேசும் பலகையில் "வலி" அட்டையைத் தொட்டுவிட்டு அவன் விரலைக் காட்டு. அவன் "வேண்டாம்" அட்டையைப் பிய்த்துக் கையில் கொடுத்தால் நிறுத்திவிடு. கொடுத்த பிறகும் தடவினால் அடுத்த தடவை கொடுக்க மாட்டான், கடிப்பான். மனத்துக்குள் இருபது எண்ணிவிட்டு மறுபடி கேள். மூன்று தடவை கேட்டால் ஒரு தடவை விடுவான். தூங்கிய பிறகு பழைய காலுறை ஒன்றைக் கையில் மாட்டிவிடு. சிவப்பு வேண்டாம், அவனுக்குச் சிவப்பு ஆகாது.

என்னைப் பற்றி நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். மருத்துவமனையின் துணி துவைக்கும் கொட்டகை. ஒரு நாளைக்கு எழுநூறு படுக்கை விரிப்பு. நானும் எதிர்முனையில் ஒருத்தியும் பிடித்து இழுத்து நாலாக மடிக்கிறோம். ஐந்து மாதமாக நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவளுக்கு அன்றைக்கு என்ன மனநிலை என்று விரிப்பை இழுக்கிற இழுப்பிலேயே தெரிந்துவிடும். மேற்பார்வைக்காரிக்கு விசில் என்று பெயர். ஊதாமல் வாயைத் திறக்க மாட்டாள். துரை இங்கே இருந்தால் முதல் நாளே அந்த விசிலைப் பிடுங்கித் துணியோடு துணியாகத் துவைக்கப் போட்டிருப்பான்.

கண்ணு, ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் அப்பா விடுதிக்குத் தொலைபேசியில் பேசினார். "பையன் நல்லா இருக்கான். முன்ன நாள் பூரா உன் அட்டையைத்தான் தொட்டுட்டு இருப்பான். இப்பல்லாம் கேக்கறதே இல்ல. மறந்துட்டான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

இங்கே என் ஆறு மாதம் மார்ச் 31-ஓடு ஆகிறது. அன்றைக்கே இன்னொரு இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். கடல் தாண்டிப் போக வேண்டும், மூன்று வருடம். அவன் கேட்டுக்கொண்டிருந்தால் என்னால் போக முடியாது. கேட்கவில்லை என்பதால் கையெழுத்துப் போடலாம் என்று இருக்கிறேன்.

நீ நன்றாகப் படி. உன் கணுக்காலில் சொறி வந்ததே, போய்விட்டதா?

அம்மா


பிப்ரவரி 24, செவ்வாய்

அம்மா,

நீ சொன்ன மாதிரியே செய்தேன். மூன்றாவது தடவை விரலை நீட்டினான். காலுறையும் மாட்டினேன். காலையில் அது தலையணைக்கு அடியில் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவன் உன் பிள்ளைதான்.

சொறி போய்விட்டது.

நீ கையெழுத்துப் போடாதே. அப்பா சொன்னது சரியில்லை. அப்பா பொய் சொல்லவில்லை, ஆனால் சரியில்லை. காரணத்தை என்னால் இப்போது எழுத முடியாது. மூன்று தடவை ஆரம்பித்துத் தாளைக் கிழித்துத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். குளியலறையில் அது ஒரு வசதி.

நீ என்னிடம் மட்டும் கேள்வியாகக் கேட்கிறாய். நான் ஒன்று கேட்கட்டுமா? நீ ஏன் போனாய்? அப்பா "வேலைக்கு" என்கிறார். தையல்கடை அக்கா "பெரியவங்க விஷயம்" என்கிறார். செப்டம்பரில் நான் உன்னிடம், "எல்லாம் அவனுக்குத்தான், எனக்கு யாரு?" என்று கத்தினேன். நீ துணி மடித்துக்கொண்டே இருந்தாய். பதினோராம் நாள் போய்விட்டாய். நான் கணக்கில் மோசம் என்றாலும் இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டாலும் ஒரே விடைதான் வருகிறது.

துரை இன்னும் சுரண்டுகிறான். சுவரை இல்லை. பலகையை.

வாயாடி


மார்ச் 2, திங்கள்

கண்ணு,

பலகையில் எந்த இடம்?

அந்தப் பலகை கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும். நீலப் பலகை, ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம். அப்பா அச்சகத்திலிருந்து கனத்த தாள் கொண்டுவந்து வெட்டினார், நீ படம் வரைந்தாய், நான் கட்டத்துக்குக் கட்டம் ஒட்டுப்பட்டை ஒட்டினேன். எந்த அட்டைக்கு எந்த இடம் என்று பேச்சுப் பயிற்சி டீச்சர் சொன்னார். "இடத்தை மட்டும் மாத்தாதீங்க, அவன் கண்ணால படிக்கிறதில்ல, கையால படிக்கிறான்" என்றார். அட்டை மேல் இருக்கும்போது அந்த ஒட்டுப்பட்டையை யாரும் சுரண்ட முடியாது. அட்டை இல்லாத இடத்தைத்தான் சுரண்ட முடியும்.

மூன்றாம் வரிசை முதல் இடமா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. போதும்.

நான் போனதற்குக் காரணம் நீ இல்லை. சத்தியமாக இல்லை.

அம்மா


மார்ச் 7, சனி

அம்மா,

ஆமாம்.

உன் அட்டையை எடுத்தது நான்தான்.

நீ போன பிறகு அவன் "அம்மா", "எங்கே" என்று தொடுவான். டீச்சர் சொல்லிக் கொடுத்த மாதிரி நானும், "அம்மா வேலைக்குப் போயிருக்கா. இப்ப வர மாட்டா" என்று சொல்வேன். கேட்டுக்கொள்வான். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றுவான். வந்து மறுபடி தொடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

டிசம்பரில் ஒரு நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துரை உன் அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்து அவர் தட்டில் போட்டான். அப்பா அதைக் கழுவி, சட்டையில் துடைத்து, பலகையில் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுபடி கொண்டுவந்து போட்டான். மறுபடி கழுவினார். ஐந்து தடவை, அம்மா. திட்டவே இல்லை. ஆறாவது தடவை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதுகுதான் தெரிந்தது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். அப்பா சிரித்தாலும் தோள்தானே குலுங்கும்.

மறுநாள் துரை எழுவதற்கு முன்னால் எடுத்துவிட்டேன். ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான் எடுத்தேன். அப்பா ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று.

டீச்சர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. நீ அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாய்! "குடுக்க முடியாததைக் கேட்டா இல்லைன்னு சொல்லுங்க. எத்தனை தடவை கேட்டாலும் சொல்லுங்க. ஆனா வார்த்தையை எடுத்து ஒளிச்சு வெக்காதீங்க. அது உங்களோடது இல்ல, அவனோடது." எல்லாம் ஞாபகம் இருந்தும் எடுத்தேன்.

எழுந்தான். பலகைக்குப் போனான். விரல் நேராக அந்த இடத்துக்குப் போனது. இல்லை. பலகையைத் திருப்பிப் பார்த்தான், அலமாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தான், என் பையைத் தலைகீழாகக் கொட்டினான். அட்டை என் கணக்குப் பெட்டியில், கவராயத்துக்கு அடியில் இருந்தது. பெட்டியை எடுத்துக் குலுக்கினான். நான் பிடுங்கிக்கொண்டேன்.

பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். என் விரலை எடுத்து அந்தக் காலி இடத்தில் வைத்தான். வைத்துவிட்டு என் வாயைப் பார்த்தான். அவன் யார் முகத்தையும் பார்க்க மாட்டான் அல்லவா? என் வாயைப் பார்த்தான்.

நான், "என்னடா? என்ன வேணும் துரைக்கு?" என்று கேட்டேன்.

அட்டையை ஒளித்து வைத்துக்கொண்டு அவனிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன், அம்மா.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா, "பாத்தியா, இன்னிக்கு ஒரு தடவைகூட அட்டையைத் தூக்கிட்டு வரல. மறந்துட்டான். கொழந்தைங்க மறந்துடும்" என்றார். பலகையைக் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம் என்று நினைக்கிறேன். அன்றைக்கு இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு எப்படித் திருப்பி ஒட்டுவது? டீச்சர் கேட்டபோது தொலைந்துவிட்டது, அப்பா புதிதாக வெட்டித் தருவார் என்று சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவன் விடவில்லை. அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்ப்பான், பிறகு சுரண்டுவான். சரக், சரக் என்று கேட்கும். ஒட்டுப்பட்டை நார் நாராகப் போய்விட்டது. அப்பா அதை ஒரு பழக்கம் என்று நினைக்கிறார். வீட்டில் அவன் பேசுவது எனக்கு ஒருத்திக்குத்தான் கேட்கிறது. நான் கேட்காத மாதிரி பாடம் படிக்கிறேன். இன்றோடு எண்பத்து மூன்று நாள்.

இதைப் படித்த பிறகு நீ என்னைக் கண்ணு என்று கூப்பிட வேண்டாம். ஆனால் கையெழுத்துப் போடாதே. அவன் மறக்கவில்லை.

வாயாடி


மார்ச் 12, வியாழன்

கண்ணு,

நாலு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

நீ எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த வேகத்தில் இன்றைக்கு ஒரு விரிப்பை இழுத்தேன், எதிர்முனைக்காரி தடுமாறி விழுந்தே விட்டாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "யாரையோ இழுக்க வேண்டியது, என்னை ஏம்மா இழுக்கற?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை வந்துவிட்டது. அவள் விசிலுக்குத் தெரியாமல் விரிப்பைத் தூக்கி என்னை மறைத்துக்கொண்டு நின்றாள்.

நீ கேட்டாயே, ஏன் போனேன் என்று. பதினாலு வயதுப் பெண்ணிடம் சொல்லும் விஷயம் இல்லை. ஆனால் நீ போட்ட கணக்கை அழிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

செப்டம்பரில் அவன் நாலு இரவு தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் டீச்சரிடம் போய்விட்டுத் திரும்பும்போது பேருந்து நிலையத்தில் தரையில் விழுந்து கத்தினான். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர், "ஒரு புள்ளைய வளக்கத் தெரியல, பெத்துடுறாங்க" என்றார். அப்படி எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு மட்டும் ஏனோ அது உள்ளே போய்விட்டது. அவன் எழுந்தான். கையைப் பிடித்தேன். பிறகு விட்டேன்.

தவறிப்போய் விடவில்லை. நானாகத்தான் விட்டேன்.

அவன் பாட்டுக்கு நடந்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் அவன் தலை மறைந்தது. அப்போதும் எழவில்லை. காற்று வந்தது, நன்றாக இருந்தது என்று ஞாபகம். பலகை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. தொலைந்தால் சொல்லக்கூட அவனிடம் ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம்.

பிறகு எழுந்து ஓடினேன். சீட்டுக் கொடுக்கும் கூண்டின் முன்னால் நின்றிருந்தான். கண்ணாடியில் விரலால் ஒரே இடத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்தான். உள்ளே இருந்தவர், "எந்த ஊருப்பா? எந்த ஊருக்குச் சீட்டு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில் இடது ஓரம், நடுவில். ஏன் அந்த இடம் என்று அன்றைக்குப் புரியவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் கண்ணு, அது என் அட்டையின் இடம் என்று புரிகிறது.

அப்பாவிடம் நானேதான் சொன்னேன். "இனிமே நீ அவன் கைய பிடிக்க வேணாம்" என்றார். அவர் மேல் தப்பில்லை. நானும் அதையே நினைத்தேன்.

நீ ஒரு அட்டையை எடுத்தாய். நான் முழுப் பலகையையும் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன இருக்கிறது?

அட்டையை அதே இடத்தில் ஒட்டிவிடு. அப்பாவிடம் தொலைபேசியில் பேசினேன். 22 ஞாயிறு வந்து பார்க்க அனுமதி கேட்டேன். "ஒரு மணி நேரம்" என்றார். நீ எழுதியதைச் சொல்லவில்லை.

அம்மா


மார்ச் 17, செவ்வாய்

அம்மா,

ஒட்டினேன். பட்டை நாராகப் போனதால் பிடிக்கவில்லை, பசை தடவி ஒட்டினேன். நான் வரைந்த படம்தானே, நீளச் சடை போட்ட அம்மா. அவன் வந்து பார்த்தான். நன்றாகக் கிட்டக் கொண்டுபோய் மூக்கால் தொட்டுப் பார்த்தான்.

பிறகு நகத்தைக் கொடுத்து நெம்பி அட்டையை எடுத்தான். என் கையில் வைத்தான். வேண்டாத பொருளைத் திருப்பிக் கொடுப்பானே, அப்படி. கொடுத்துவிட்டு, காலி இடத்தைத் தொட்டான்.

மூன்று தடவை ஒட்டினேன். மூன்று தடவையும் அதையேதான் செய்தான். இத்தனை நாளில் அந்தக் காலி இடம்தான் அவனுக்கு நீ என்று ஆகிவிட்டது போல. படம் வெறும் படமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தால் சரியாகிவிடும். சரியாகிவிடும் அல்லவா?

வாயாடி


மார்ச் 26, வியாழன்

அம்மா,

இதை விரைவுத் தபாலில் போடச் சொல்லித் தையல்கடை அக்காவிடம் கொடுக்கப்போகிறேன். 31-க்குள் உன் கைக்கு வந்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீயும் அங்கே இருந்தாய். ஆனால் நீ பார்த்தது ஒன்று, நான் பார்த்தது ஒன்று என்று தோன்றுகிறது.

எந்திரத்தில் சிக்கிக்கொள்ளும் என்று உன் சடையை ஒட்ட வெட்டிவிட்டார்கள் என்று நீ ஒரு கடிதத்தில்கூட எழுதவில்லை. கதவைத் திறந்த எனக்கே ஒரு நொடி யாரோ என்று இருந்தது. உன் மேல் துணி வெளுக்கிற மருந்து வாசனை. அப்படியிருந்தும் அவன் உன்னிடம் வந்தான். நீ அதை மறந்துவிடாதே, முதலில் வந்தான். உன் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டான். உன் சடை நுனியை விரலில் சுற்றிக்கொள்வானே, அதைத் தேடினான். இந்தத் தோளில் பார்த்தான், அந்தத் தோளில் பார்த்தான். உன் கையை முகர்ந்தான். பிறகுதான் போனான்.

"துரை, அம்மாடா. அம்மா வந்திருக்கேன்டா" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். அவன் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து உன் முன்னாலேயே உட்கார்ந்து அந்த இடத்தைத் தொட்டான். நீ, "இதோ இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்றாய். அவன் "எங்கே" அட்டையைத் தொட்டான். மறுபடி அந்த இடத்தைத் தொட்டான். உன்னிடமே உன்னைக் கேட்டான்.

அப்பா அப்போதுதான் கிட்ட வந்து பார்த்தார். "என்ன பண்றான்? சும்மா சுரண்டற பழக்கம்தானே அது?" என்றார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "இல்லப்பா. அது அம்மா. அட்டையை நான்தான் எடுத்தேன். டிசம்பர்லேர்ந்து அம்மாவைத்தான் கேட்டுட்டு இருக்கான்." அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. கழுவ ஒரு பாத்திரமும் இல்லாமல் அப்பா குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தார்.

போகும்போது நீ அவரிடம், "நான் இல்லாம இருக்கறதுதான் அவனுக்கு நல்லது. நீங்க சொன்னதே சரி" என்றாய். அவர் சரி என்று சொல்லவில்லை, அம்மா. நீ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

இனி நடந்ததைக் கேள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவன் பலகையைத் தொடவே இல்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும் என் கையை இழுத்துக்கொண்டு போனான். நேற்றுப் பலகை முன்னால் உட்கார்ந்தான். கடைசி வரிசை கடைசி இடத்தில் "முடிந்தது" அட்டை இருக்குமே, சாப்பிட்டு ஆனதும், குளித்து ஆனதும் கொடுப்பானே, அதை எடுத்தான். என்னிடம் கொடுக்கப்போகிறான் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. மூன்றாம் வரிசை முதல் இடத்தில் வைத்தான். பட்டை பிடிக்காமல் கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான். என் மேசையிலிருந்த பசையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

நான் ஒட்டிக்கொடுத்தேன், அம்மா. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு அட்டை இடம் மாறினால் வீட்டை இரண்டாக்குகிறவன், அவனே மாற்றச் சொன்னான். ஒட்டியதும் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

இப்போது சுரண்டுவதில்லை. விரல் ஆறிக்கொண்டு வருகிறது. விரல் ஆறினால் போதும் என்றுதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன். இப்போது அது ஆறுவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

இதுவரை எழுதியபோது கதவு திறந்தது. தாழ்ப்பாள் போட மறந்திருக்கிறேன். அப்பா. வாளியையும் என்னையும் தாளையும் பார்த்தார். அவர் திரும்பிப் போய்க் கூடத்திலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து குளியலறைக்குள் வைத்தார். "இதுல உக்காந்து எழுது. முதுகு வலிக்கும்" என்றார். "வான்னு எழுதாத. அதை அவளே முடிவு பண்ணட்டும். என்ன நடந்துதோ அதை எழுது."

நடந்ததை எழுதிவிட்டேன். வா என்று எழுதவில்லை.

வாயாடி


மார்ச் 31, செவ்வாய்

கண்ணு,

உன் கடிதம் இன்று காலை பத்தரைக்கு வந்தது. பதினொன்றுக்குக் கையெழுத்து. எனக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். வரிசையில் நின்றபடி படித்தேன். என் முறை வந்தபோது எதிர்முனைக்காரிக்கு இடத்தைக் கொடுத்தேன். மறுபடி வந்தது, அதற்கும் அடுத்தவளுக்குக் கொடுத்தேன். கடைசியில் நான் ஒருத்திதான் மிச்சம். விசில் பேனாவை நீட்டினாள். "போடறியா, இல்ல நாள் பூரா எல்லாருக்கும் வழி விடறியா?" என்றாள். ஊதாமல் கேட்டாள், அதைச் சொல்ல வேண்டும்.

போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் பேருந்தில் வருகிறேன். அப்பாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிறகு, "குழாய் சொட்டுது, ஆள் வரச் சொல்லியிருக்கேன்" என்றார். எனக்கு அது போதும்.

சடை வளர நாளாகும். இந்த வாசனை தோலை விட்டுப் போகவும் நாளாகும். அதுவரை அவனுக்கு நான் யாரோவாக இருந்தால், யாரோவாகவே இருந்துகொள்கிறேன். தட்டு கழுவுகிற யாரோ, காலுறை மாட்டிவிடுகிற யாரோ. கையைப் பிடிக்க மாட்டேன். அவனாகப் பிடித்தால் விட மாட்டேன்.

அந்த அட்டையை நீயும் எடுக்காதே, அப்பாவும் எடுக்க வேண்டாம். நான் வந்த பிறகும் அது அங்கேயே இருக்கட்டும். எத்தனை நாள் ஆனாலும் இருக்கட்டும், எடுக்காமலே போனாலும் இருக்கட்டும். அவன் தெரிந்துதான் சொல்லியிருக்கிறான். எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அது தப்பாகிவிடாது.

எனக்காக ஒன்று மட்டும் செய். பலகையைத் திருப்பாதே, அவன் திருப்பி வைத்தபடியே இருக்கட்டும். நீ அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாக, ஒரே ஒரு தடவை சொல். அவன் சொன்னதை அம்மா கேட்டுவிட்டாள் என்று சொல். கேட்ட பிறகும் வருகிறாள் என்று சொல்.

அம்மா